பித்தளையைக் கொடுத்து வாங்கிய வாளி

உங்கள் தெருவிலும் அவர் வந்திருப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் கடைக்கும் ஆபீசுக்கும் திரும்பிப் போய்விட்ட பிறகு, பெண்கள் திண்ணையில் கால்நீட்டி உட்காரும் நேரத்தைச் சரியாகக் கணக்குப் பண்ணி, சிவப்பு வாளி, பச்சை முறம், மஞ்சள் குடம், ஊதா சோப்பு டப்பா எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துத் தோளில் தொங்கவிட்டபடி, "பழைய பித்தளை, செம்பு, வெண்கலத்துக்குப் பிளாஸ்டிக் சாமான்" என்று ராகம் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் கும்பகோணத்துத் தெருவுக்கு அவர் வந்தது எழுபதுகளில். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊரிலேயே அப்படிக் கூவ ஒருவருக்குத் துணிச்சல் வந்ததும், அந்தக் கூவலுக்கு முதலில் கதவைத் திறந்தது எங்கள் வீடாக இருந்ததும், திறக்கச் சொல்லி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது நானாக இருந்ததும் இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு என்னவோ ஊரிலேயே நாங்கள்தான் முன்னேறிவிட்டதாக நினைப்பு.

கொடுத்தது பாட்டியின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டா. வாங்கியது ஒரு சிவப்பு வாளி, ஒரு மக், ஒரு சோப்பு டப்பா. பேரம் படியாமல் இழுத்தபோது அவர் பெரிய மனசு பண்ணி ஒரு டீ வடிகட்டியையும் சேர்த்துப் போட்டார். கொல்லையிலிருந்து வந்த பாட்டி வாளியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். "ஏம்மா, தட்டுனா சத்தங்கூட வரல, இதெல்லாம் ஒரு பாத்திரமா?" என்றாள். அவ்வளவுதான். அண்டாவைப் பற்றிப் பிறகு அவள் பேசவே இல்லை. வாளியை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

பாட்டியின் அடுப்படியில் எந்தப் பாத்திரத்தோடு எந்தப் பண்டம் சேரலாம் என்பதற்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல ஒரு கண்டிப்பு இருந்தது. புளி சேர்ந்த எதுவும் ஈயம் பூசாத பித்தளையில் ஏறக்கூடாது, களிம்பு பிடித்துவிடும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, உப்புக்கு மரவை, வத்தக்குழம்புக்குக் கல்சட்டி, தண்ணீருக்கு மண்பானை, ரசத்துக்கு ஈயச்சொம்பு. அந்த ஈயச்சொம்பை உள்ளே புளித்தண்ணீர் இல்லாமல் வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் என் சித்தி அப்படி ஒன்றை உருக்கி அடுப்புச் சாம்பலில் உருண்டையாகத் தேட வைத்த கதையை, அவளுக்குப் பேரன் பிறந்த பிறகும் விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரித்தார்கள். காரணம் கேட்டால் பாட்டி விளக்கம் சொல்ல மாட்டாள். "ஆகாது" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் வேதியியல் முழுக்க அடங்கிவிடும்.

வருஷத்துக்கொரு முறை ஈயம் பூசுகிறவர் வருவார். தெருமுனையில் சின்னதாகக் குழி வெட்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதி, பாத்திரம் பழுக்கக் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப்புகை எழும். அந்தப் புகைக்குள் கையைவிட்டு ஈயக்குச்சியால் ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால், கறுத்துக் கிடந்த உட்புறம் கண்ணெதிரே நிலா நிறத்துக்கு மாறிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் நாங்கள் புத்தகப்பையைக் கீழே போட்டுவிட்டு, நெடியில் இருமி இருமிக் கண்ணீரோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இன்றைக்கு என் பேரனை அப்படி ஒரு புகையில் நிறுத்தினால் என் மகள் என்னை வீட்டைவிட்டே அனுப்பிவிடுவாள், அதுவும் நியாயம்தான். பழங்காலம் ஒன்றும் தூய காலம் இல்லை. வெள்ளீயம் விலை ஏறினால் அதில் காரீயத்தைக் கலக்கிற பூச்சுக்காரர்களும் இருந்தார்கள். காரீயம் எந்தப் பிளாஸ்டிக்கை விடவும் சாது இல்லை.

பிளாஸ்டிக் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் இந்தப் பொருத்தம் பார்க்கிற வேலை முடிந்தது. அதுதான் அதன் மகிமை. புளியோடும் சேரும், உப்போடும் சேரும், எண்ணெயோடும் சேரும், களிம்பேறாது, துருப்பிடிக்காது, கீழே விழுந்தால் உடையாது, ஈயம் பூச ஆள் தேட வேண்டாம். குடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பித்தளைக் குடம் காலியாக இருக்கும்போதே ஒரு சுமை. அதை நிரப்பி இடுப்பில் வைத்து ஆற்றிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் நடந்தவர்கள் அம்மாவும் அத்தைகளும்தானே தவிர நான் இல்லை, அப்பா இல்லை, இந்தமாதிரிக் கட்டுரை எழுதுகிற யாரும் இல்லை. பிற்பாடு நான் சென்னைக்கு வந்து, தண்ணி லாரி வரும் தெருமுனைகளில் விடியற்காலையில் அந்த வண்ணவண்ணக் குடங்கள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையைப் பார்த்துப் பித்தளையின் பெருமை பேச எந்த ஆண்பிள்ளைக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனால் ஓட்டல் பார்சல் விஷயத்தில் எனக்குப் பேச உரிமை உண்டு, ஏனென்றால் அது நான் சுமந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா எவர்சில்வர் தூக்கைக் கையில் கொடுத்துச் சாம்பார் வாங்கி வர அனுப்புவார். பெல்பாட்டம் பேண்ட், காதை மறைக்கும் கிராப்பு, கையில் தூக்கு. எதிரே கல்லூரித் தோழர்கள் யாராவது வந்தால் தூக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சாம்பாரே வாங்காதவன் மாதிரி வானத்தைப் பார்த்து நடந்திருக்கிறேன். ஓட்டலில் பார்சல் கட்டுகிறவர் மந்தார இலையை விரித்து, ஆவி பறக்கும் இட்லியை அடுக்கி, ஓரத்தில் கெட்டிச் சட்னியை வைத்து மடித்து, மேலே பழைய தினசரியைச் சுற்றி, உத்தரத்திலிருந்து தொங்கும் நூற்கண்டை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி ஒரு வெட்டு வெட்டி அறுப்பார். நூல் அறுபடும் அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே நின்று பார்க்கலாம். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது இலையின் வாசனை இட்லிக்குள் பாதி இறங்கியிருக்கும். கூடவே தினசரியின் மையும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. உணவைச் செய்தித்தாளில் கட்டக் கூடாது என்று 2018-ல் வந்த மத்திய உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்லிவிட்டன. அரசியல் செய்திப் பக்கத்தில் சுற்றிய வடையை அத்தனை வருஷம் தின்றவன் நான். என் அரசியல் இப்படி ஆனதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

பிறகு ஒருநாள் அந்த ஓட்டலில் சாம்பாரைக் கவரில் கட்டித் தர ஆரம்பித்தார்கள். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பாலிதீன் பைக்குள் ஊற்றி, காற்றோடு சேர்த்து முறுக்கி ஒரு முடிச்சு. அந்த முடிச்சை விரலால் அவிழ்த்தவர் தமிழ்நாட்டில் உண்டா தெரியவில்லை. பல்லால் கடித்தவர்களும் கத்தரிக்கோல் தேடியவர்களும்தான் உண்டு. எனக்கோ கொண்டாட்டம். தூக்கு போயிற்று, வெட்கம் போயிற்று. ஜவுளிக்கடையில் கொடுத்த, நடிகை படம் போட்ட பாலிதீன் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு, நாகரிகத்தின் முழு உருவமாகத் தெருவில் நடந்தேன். அம்மா அந்தப் பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டு, நடிகையின் முகம் அழியும்வரை பத்திரப்படுத்தினாள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவது என்பதை நாங்கள் கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

பள்ளிக்கூடக் குழந்தைகளுக்குக் கழுத்தில் மாட்டுகிற வாட்டர் பாட்டில் வந்ததும் அப்போதுதான். ஜூன் மாதத்தில் புது பாட்டிலின் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு என் மகள் முகர்ந்துகொண்டே இருப்பாள். புதுப் பை, புது மழைக்கோட்டு எல்லாவற்றிலும் அந்த வாசனை இருக்கும், நீங்களும் முகர்ந்திருப்பீர்கள். ஒரு பொருள் மணக்கிறது என்றால் அதிலிருந்து ஏதோ கழன்று காற்றில் கலக்கிறது என்றுதானே அர்த்தம்? அது எனக்குத் தோன்றவே இல்லை. மழைக்கோட்டும் மேஜை விரிப்பும் தயாராகும் பிவிசி இயல்பில் விறைப்பானது; அதை வளைந்துகொடுக்க வைக்கத் தாலேட் என்ற வகை இரசாயனங்களைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகக் கட்டுண்டு கிடப்பதில்லை, குடித்தனக்காரர்களாகத்தான் இருக்கின்றன. சூடு கண்டால் கிளம்பிவிடும், எண்ணெய் கண்டால் அதோடு போய்விடும்.

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், பிஸ்பினால் ஏ என்கிற பிரசித்தமான வஸ்து பிளாஸ்டிக் ஆவதற்கு முன்னால் கிட்டத்தட்ட மருந்தாகப் பார்த்தது. 1891-லேயே ஒரு ரஷ்ய வேதியியலாளர் அதைத் தயாரித்துவிட்டார். 1936-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவர், பெண்களின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு செய்கிற வேலையைச் செயற்கையாகச் செய்ய ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது, இது அந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறது என்று கண்டார். அதைவிட வீரியமான ஒன்று பின்னால் அவருக்கே கிடைத்ததால் இதை ஓரங்கட்டினார்கள். ஓரங்கட்டப்பட்டது சும்மா இருக்கவில்லை. ஐம்பதுகளில் பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகி, டின்களின் உட்பூச்சாகி, பால்புட்டியாகி, உலகத்துக் குழந்தைகளின் வாயருகே போய்ச் சேர்ந்தது. உடம்பின் சுரப்பிகளோடு பேசத் தெரிந்தது என்று தெரிந்தே இருந்த ஒன்றைப் புட்டியாக்கிப் பிள்ளைக்குக் கொடுத்த கதையைப் பாட்டியிடம் சொன்னால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கிறேன். அதே ஒரு வார்த்தைதான்.

விஷயம் உறைத்ததும் ஒரு தப்பான கழுவலால்தான். 1998-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பட்ரீசியா ஹண்ட் என்ற மரபியல் ஆய்வாளர், ஒப்பீட்டுக்காக எதுவும் செய்யாமல் வைத்திருந்த சுண்டெலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம்கள் திடீரென்று தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்தார். துருவிப் பார்த்தபோது, எலிகளின் பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் யாரோ தரை கழுவுகிற காரமான திரவத்தால் கழுவியிருந்தார்கள். பிளாஸ்டிக் அரித்துப் பிஸ்பினால் கசிந்திருந்தது. எங்கள் வீட்டில் டிபன் டப்பாக்களைச் சபீனாவும் கம்பிநாரும் போட்டு வெளுக்க வெளுக்கத் தேய்த்த பரம்பரை நாங்கள். இதைப் படித்தபோது அந்தச் சுண்டெலிகளோடு எனக்கு ஒரு பங்காளிப் பாசமே வந்துவிட்டது.

அதன்பிறகு தேசங்கள் ஒவ்வொன்றாக விழித்தன. கனடா முந்திக்கொண்டது, பால்புட்டியில் பிஸ்பினால் கூடாது என்று ஐரோப்பா 2011-லும் அமெரிக்கா 2012-லும் சொல்லின, நம் தர நிர்ணய அமைவனத்தின் பால்புட்டித் தரமும் 2015-ல் அதைத் தள்ளிவைத்தது. எவ்வளவு உள்ளே போனால் பரவாயில்லை என்று 2015-ல் தான் சொன்ன அளவை 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 20,000 மடங்கு குறைத்தது. அச்சுப்பிழை இல்லை, இருபதாயிரம்தான். கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 'பிபிஏ இல்லாதது' என்று ஒட்டி, அந்த இடத்தில் பிஸ்பினால் எஸ் என்கிற ஒன்றுவிட்ட தம்பியை உட்காரவைத்த தயாரிப்புகளும் உண்டு. அண்ணனின் குணம் தம்பிக்கும் கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள்.

என் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, நான் ஒரு நவீனத் தாத்தாவாகத் தோன்றும் ஆசையில் கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை கூடிய பால்புட்டியை வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாலாடை இருக்கா சார்?" என்றார். தாய்ப்பாலைப் பிழிந்து ஊட்ட வேண்டியிருந்தால் புட்டியைவிட அதுதான் நல்லதாம், கழுவவும் சுலபமாம். பாட்டியின் வெள்ளிப் பாலாடை எங்கே போயிற்று என்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அதைப் போட்டுத்தான் உன் தங்கைக்குக் கொலுசு பண்ணினோம் என்றாள். அண்டா மாதிரி போகவில்லை என்ற மட்டில் திருப்தி.

இப்போது எங்கள் வீட்டில் மகளின் ஆட்சி. அவள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள், எழுதாத பட்டியல். சூடானது எதுவும் பிளாஸ்டிக்கில் ஏறக்கூடாது. எண்ணெய்ப் பண்டம் கூடாது. புளிப்பு கூடாது, ஆகவே ஊறுகாய் பீங்கான் ஜாடிக்குத் திரும்பிப் போயிற்று. கீறல் விழுந்த டப்பா குப்பைக்கு. 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்று அச்சடித்திருந்தால் டப்பா உருகாது என்றுதான் அர்த்தமாம், சாப்பாட்டுக்குள் எதுவும் இறங்காது என்று இல்லையாம். டப்பாவைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 2, 4, 5 கொஞ்சம் சாது, 3 பிவிசி, 6 பாலிஸ்டைரின், இரண்டும் ஆகாது, 7 என்பது 'இதர வகை', பாலிகார்பனேட் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஏடிஎம் சீட்டையும் கடை பில்லையும் கசக்கிக் கையில் வைத்திருக்கக் கூடாது, அந்த வழவழப்புக் காகிதத்தில் பெரும்பாலும் பிஸ்பினால் பூச்சு இருக்கும். வீட்டுத் தூசியிலும் இவை தங்குமாம், அதனால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதையெல்லாம் அவள் சொல்லச்சொல்ல எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்தது. பொருத்தம் பார்க்கிற வேலையிலிருந்து எங்களை விடுவிக்கத்தான் பாட்டியின் அண்டாவைக் கொடுத்தோம். அந்த வேலை அச்சுப்போட்ட எண்களோடு திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம், பாட்டிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. எனக்கு அந்த முக்கோணத்தைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது.

நான் சும்மா இருப்பேனா, வாக்குவாதம் செய்தேன். இத்தனை வருஷம் தின்றாயிற்று, இனிமேல் மாற்றி என்ன ஆகப்போகிறது என்றேன். அவள் போனில் ஒரு ஆய்வைக் காட்டினாள். 2011-ல் கலிபோர்னியாவில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு 3 நாள் மட்டும் டின்னும் பிளாஸ்டிக்கும் படாத, அன்றன்றைக்குச் சமைத்த சாப்பாட்டைக் கண்ணாடிப் பாத்திரத்திலும் எவர்சில்வரிலும் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்களாம். சிறுநீரில் பிஸ்பினால் அளவு சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. இந்த வஸ்து உடம்பில் குடியிருப்பதில்லை, ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். தினமும் புதிது புதிதாக நாம்தான் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அன்றன்றைக்குப் பொங்கி எவர்சில்வரில் வைத்துச் சாப்பிட்டால் நல்லது என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் வேண்டியிருந்ததைப் பாட்டி நல்லவேளை பார்க்கவில்லை.

ஊரும் அதே பாதையில்தான் சுற்றி வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வந்தவன் என்று என்னைச் சினிமா பாணியில் கேலி செய்த சகாக்கள், இன்றைக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள். தடைப் பட்டியலைப் படித்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை: துணி என்று நம்பி நாம் வாங்குகிற அந்த மெத்தென்ற 'நான் ஓவன்' பையும் அதில் உண்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. காகிதம்தானே என்று நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தோம். கரக்பூர் ஐஐடியில் பரிசோதித்தவர்கள், அந்தக் கப்பில் 100 மில்லி சூடான பானத்தை 15 நிமிஷம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்குகின்றன என்று 2020-ல் சொன்னார்கள். நான் இரண்டே மடக்கில் குடித்துவிடுகிறவன் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். இட்லித் தட்டில் ஈரத்துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் விரித்து வேகவைக்கிற ஓட்டல்களைக் கண்டு கர்நாடக அரசு 2025-ல் அதற்குத் தடைபோட வேண்டியிருந்தது. துணி துவைக்கச் சோம்பல்பட்டதன் பலன்.

ஆனால் வீட்டில் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் அக்கா எண்பதுகளில் பின்னிய ஒயர் கூடை, சிவன் கண் முடிச்சு, கறுப்பும் மஞ்சளும். மகள் அதைத் தூக்கிப் பார்த்து, இதுவும் பிளாஸ்டிக்தானே அப்பா என்றாள். பிளாஸ்டிக்தான். ஆனால் நாற்பது வருஷமாகக் கத்தரிக்காய் சுமக்கிற பிளாஸ்டிக். அந்தக் கூடையில் சூடானதும் வைப்பதில்லை, எண்ணெயும் வைப்பதில்லை, பொருத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாதாடி ஜெயித்தேன்.

சென்ற தீபாவளிக்குக் கும்பகோணம் போனபோது பாத்திரக் கடைத்தெருவில் ஒரு பித்தளை அண்டாவைக் கண்டேன். பாட்டியுடையதைவிடச் சின்னது. விலையைக் கேட்டேன், கடைக்காரர் சொன்ன தொகைக்கு எத்தனை சிவப்பு வாளி வரும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. "சமையலுக்கா சார், இல்ல ஹால்ல பூ மிதக்க விடறதுக்கா?" என்று கேட்டார். பூவுக்கென்றால் ஈயம் பூச வேண்டாமாம், பூச ஆள் கிடைப்பதும் கஷ்டமாம். வாங்காமல் வந்தேன். அதற்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன், மூடி அழுத்தமாகப் பொருந்துகிற நல்ல தூக்கு.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு ஓட்டலுக்குப் போனேன். இந்தமுறை முதுகுக்குப் பின்னால் மறைக்கவில்லை; முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றே நடந்தேன். கல்லாவில் இருந்த பையன் தூக்கைப் பார்த்து, "சூப்பர் சார், எல்லாரும் இப்படிக் கொண்டு வரணும்" என்று பாராட்டி உள்ளே அனுப்பினான். நாலு இட்லி, ஒரு வடை, சாம்பார். காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவருக்குப் பிஸ்பினாலைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். அவரும் தன் கவர் சாம்பாரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். தூக்கு வந்தது. வெயிட்டாகத்தான் இருந்தது, ஆனால் வெளிப்புறம் சுடவில்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே, கச்சிதமாக முறுக்கி முடிச்சுப் போட்ட பாலிதீன் கவருக்குள், சாம்பார் கொதிகொதி என்று இருந்தது.

"கவர்ல கட்டி உள்ள வச்சிருக்கேன் சார்," என்றார் பார்சல்காரர். "சிந்தாது. தூக்கும் கறைபடாது."